கைத்தையற் போர்வையின் பெறுமதி: மலையகத்தை முன்னிறுத்திச் சில சிந்தனைகள்

குளிரிலிருந்து உடலைக் காப்பதே போர்வையின் பயன். இப்பயன் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் ஆலையில் நெய்யப்பட்ட மலிவான போர்வையே மேலானதெனக் கொள்ளல் வேண்டும். அது பாரமற்றது, சூட்டைப் பேணுவது, கழுவி உலர்த்துதற்கும் எளிது. ஆயினும், துண்டுத் துணிகளை ஒன்றோடொன்று பொருத்தி, இரண்டு மூன்று அடுக்காக வைத்து, அடுக்குகள் விலகாதபடி ஓட்டுத்தையலிட்டுக் கையாலே செய்யப்படும் போர்வைக்குப் பன்மடங்கு விலை கொடுப்போர் உலகெங்கும் உளர். பயனிற் கூடாத ஒரு பொருளுக்கு விலை மட்டும் கூடுவதேன் என்ற வினா பொருளியலாருக்கு மட்டும் உரியதன்று. அது ரசனை பற்றிய வினாவுமாகும். ஆதலின் திறனாய்வுக்கும் உரியதாகின்றது. நுவரெலியா, ஹற்றன் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களை மனத்திற் கொண்டு நோக்குமிடத்து அவ்வினா மேலுங் கூர்மை பெறுகின்றது. கைத்தொழிற்பாடு விற்பனைப் பெருமையாகப் பேசப்படுவதும், அக்கைக்குரியவர் கணக்கில் மட்டும் இடம்பெறுவதும் ஒருங்கே நிகழும் பிரதேசம் அதுவாகும்.

கைவேலைப் பொருளை விரும்புவோர் வழக்கமாகக் கூறும் காரணங்கள் சில உள. கையாற் செய்தது நீடித்து உழைக்கும் என்பர். பழந்துணியாலான போர்வையைப் பொறுத்தவரை இது பொருந்தாது. ஏற்கெனவே உழைத்துத் தேய்ந்த துணியே அதன் மூலப்பொருள். ஒன்றைப் போல மற்றொன்று இராது என்பர். பிழையாக வெட்டிய சட்டையும் அத்தகையதே. செய்தவரின் அன்பு அதிற் கலந்துள்ளது என்பர். முன்பின் அறியாத ஒருவருக்காகக் கூலிக்குத் தைப்பவரின் அன்பு எத்தகையது என்பதை இக்கூற்றினர் சிந்திப்பதில்லை. இக்காரணங்கள் பொய்யென்று தள்ளத்தக்கன அல்ல. ஆயினும் விலை கொடுப்பவரின் உண்மை நோக்கத்தை இவை முற்றாக வெளிக்காட்டுவனவும் அல்ல.

இந்நோக்கத்தை இரக்கமின்றி ஆராய்ந்தவருள் முக்கியமானவர் அமெரிக்கப் பொருளியலாளரான தோர்ஸ்டைன் வெப்லென். ஓய்வு வர்க்கத்தைப் பற்றி 1899இல் அவர் வெளியிட்ட நூலிற் கையால் அடிக்கப்பட்ட வெள்ளிக் கரண்டியொன்றையும் இயந்திரத்திற் செய்த கரண்டியொன்றையும் ஒப்பிடுகின்றார். உண்பதற்கு இரண்டும் ஒன்றே. கைவேலையென நம்பப்பட்ட கரண்டி உண்மையில் இயந்திரப் போலியெனத் தெரியவந்தால், அதன் தோற்றம் சிறிதும் மாறாதிருந்தும் அதிற் கண்ட அழகு பெருமளவு மறைந்துவிடுகின்றது. எனவே அழகென்று கருதப்பட்டதிற் பெரும்பகுதி செலவின் மதிப்பே என்பது அவர் முடிபு. பிறருடைய உழைப்பு நேரத்தைத் தாராளமாகச் செலவிடத் தம்மால் இயலும் என்பதையே வாங்குவோர் காட்டிக்கொள்கின்றனர். கைவேலையிற் காணப்படும் சிறு பிசகுகளும் இதனாலேயே பெருமைக்குரியனவாகின்றன என்றார் அவர். வில்லியம் மொறிஸின் கெல்ம்ஸ்கொட் அச்சகம் கைத்தாளிற் பழைய எழுத்துருவில் அச்சிட்ட நூல்களையும் இதே நோக்கில் எள்ளி நகையாடினார்.

இங்கு இலங்கையோடு தொடர்புடைய ஒரு செய்தி மனங்கொளத்தக்கது. இந்நாட்டுக் கைவினைஞரின் மேன்மையை உலகறியச் செய்த ஆனந்த குமாரசுவாமியின் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ 1908இல் வெளிவந்தபோது, கெல்ம்ஸ்கொட் அச்சகத்தில் மொறிஸ் பயன்படுத்திய அதே அச்சுப்பொறியிலே 425 பிரதிகள் கையால் அச்சிடப்பெற்றன. வெப்லென் நகையாடிய பொறியே கைவினையின் வேதநூலை ஈன்றது. அந்நூல் கண்டிய மரபுவழிக் கலைகளை விரிவாக ஆராய்வது. தட்டார், கொல்லர், குயவர், நெசவாளர் ஆகியோரின் தொழில் அதிற் சிறப்பிடம் பெறுகின்றது. அக்காலத்திலே கண்டியைச் சூழ்ந்த மலைகளிற் கையால் உழைத்துக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளர் அந்நூலின் பொருளுக்குப் புறம்பானவர்கள். நூலின் எல்லை அது. அதைக் குறையெனக் கூறுதல் பொருந்தாது. எனினும் ‘கைவினைஞர்’ என்ற சொல் யாரைச் சுட்டும், யாரைச் சுட்டாது என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டாகும். மரபும் குலத்தொழிலும் அரச ஆதரவும் உடைய கை வினைஞரின் கை. தோட்டத்துக் கை கூலிக் கை.

வெப்லெனின் விளக்கம் கூர்மையானதாயினும் முழுமையானதன்று. செலவிடப்பட்ட உழைப்பு நேரத்தைக் காட்டிக்கொள்வதே நோக்கமாயின் எவருடைய கை என்பது ஒரு பொருட்டாகாதிருத்தல் வேண்டும். அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் நிகழ்ந்தது இதற்கு மாறானது. ஸ்மித்சோனியன் நிறுவனம் தன் சேகரிப்பிலுள்ள பழம்போர்வைகளின் வடிவங்களைச் சீனாவில் தைப்பித்து விற்க உரிமம் வழங்கியது. அவையும் கைத்தையல்களே, ஆயினும் அந்நாட்டிற் போர்வை தைப்போர் பெருங்கண்டனம் எழுப்பினர். தமது சந்தை கெடுமென்ற அச்சம் அக்கண்டனத்தில் இருந்தது உண்மையே. அதனோடு வேறொன்றும் இருந்தது. போர்வை என்பது ஒரு குறித்த இடத்தில், ஒரு குறித்த வாழ்வுக்குள், ஒருவர் எடுத்த முடிவுகளின் தொகுதி என்னும் உணர்வே அது. எந்தத் துண்டை எங்கு வைப்பது, எந்த நிறத்தின் அருகில் எதை அமைப்பது, துணி போதாதபோது என்ன செய்வது என்பவற்றைத் தீர்மானித்தவர் ஒருவர். அத்தீர்மானங்களை ஊசியால் மீளச் செய்தவர் வேறொருவர். முன்னதிற் கையும் கருத்தும் ஒன்றாயிருந்தன. பின்னதிற் கை மட்டுமே கேட்கப்பட்டது.

இவ்வேறுபாட்டை விளக்குதற்கு அலபாமா மாநிலத்தின் கீஸ் பெண்ட் என்ற சிற்றூரை விடச் சிறந்த உதாரணம் அரிது. மலையக வாசகருக்கு அவ்வூரின் வரலாறு அந்நியமானதன்று. பருத்தித் தோட்டமாக இருந்த அந்நிலத்தை 1845இல் மார்க் பெட்வே என்பவர் பெற்றார். அவருடைய அடிமைகள் அவர் பெயரையே தம் குடும்பப் பெயராகக் கொள்ள நேர்ந்தது. விடுதலையின் பின்னும் அவர்களின் சந்ததியினர் அதே நிலத்திற் குத்தகை விவசாயிகளாகவே இருந்தனர். 1932இற் கடனுக்காக அவர்களின் கருவிகளும் கால்நடைகளும் உணவுத் தானியமும் வாரிச் செல்லப்பட்டன. வாக்குரிமை கோரிப் போராடிய காலத்தில், 1962இல், நகருக்குச் செல்லும் ஓடத்துறையும் நிறுத்தப்பட்டது. இத்தகைய ஊரிற் பெண்கள் உழைப்பாடைகளின் கந்தல்களைக் கொண்டு குளிருக்குப் போர்வை தைத்தனர். மிசூரி பெட்வே என்பவர் 1942இல், இறந்துபோன தம் கணவரின் வேலை உடைகளை வெட்டி ஒரு போர்வை செய்தார். அவரை நினைந்து அதன் கீழே உறங்குவதற்காக. வெயிலில் வெளிறிய முழங்காற் பகுதிகளும், பையைப் பிரித்த இடத்தில் வெளிறாது எஞ்சிய நீலமும் அதன் வண்ணங்கள்.

1966இல் அப்பகுதிப் பெண்கள் சுதந்திரப் போர்வைக் கூட்டுறவு ஒன்றை நிறுவினர். நியூயோர்க்கின் பெருங்கடைகள் அவர்களின் போர்வைகளை வாங்கின. ஆனால் கடைகளுக்கு வேண்டியது ஒரே அளவு, ஒரே வடிவம், பிசகாத தையல். கையின் விருப்பப்படி வளர்ந்த அமைப்புகள் அங்கு விலைபோகவில்லை. 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கோர்டுறோய்த் துணியில் தலையணை உறைகள் தைக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. உறைகள் ஒரே அச்சாகச் சென்றன. மிஞ்சிய துண்டுகளைக் கொண்டு பெண்கள் தம் வீடுகளுக்குத் தைத்த போர்வைகளே பிற்காலத்தில் அருங்காட்சியகங்களை அடைந்தன. விற்பதற்கென்று செய்தது மறக்கப்பட்டது. விற்கும் எண்ணமின்றிச் செய்தது கலையாயிற்று. 2002இல் ஹூஸ்டனிலும் பின்னர் நியூயோர்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் அவை சுவரிலே தொங்கவிடப்பட்டபோது மத்தீஸ், கிளே முதலிய ஐரோப்பிய ஓவியரின் பெயர்கள் ஒப்புமைக்கு அழைக்கப்பட்டன. 2006இல் அவை அமெரிக்க அஞ்சல் முத்திரைகளாயின. 2007இல், தமக்குரிய பங்கு கிடைக்கவில்லையெனத் தைத்தவருட் சிலர் வழக்குத் தொடுத்தனர். அடுத்த ஆண்டு அது சமரசத்தில் முடிந்தது. புகழும் வழக்கும் ஒரே பாதையில் வந்தமை தற்செயலானதன்று.

தமிழிற் பழந்துணிக்குக் கந்தை என்று பெயர். வடமொழியின் ‘கந்தா’ என்பதன் வழிவந்த சொல் அது. அதே சொல் வங்காளத்தில், பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையலாற் பூவும் பறவையும் வரைந்த போர்வையைக் குறிக்கின்றது. அது அருங்காட்சியகப் பொருள், ஏற்றுமதிப் பொருள், கவிதைப் பொருளும் ஆகும். தமிழிலோ கந்தை வறுமையின் அடையாளம். கசக்கிக் கட்டப்பட வேண்டியது. ஒரே சொல் ஒரு மொழியிற் கலையின் பெயராகவும் மற்றொன்றில் இல்லாமையின் பெயராகவும் நின்றுவிட்டதை மொழியியலார் ஒரு வரியிற் கூறி அமைவர். ரசனை பற்றிச் சிந்திப்போர் அவ்வாறு கடந்து செல்லல் இயலாது.

மலையகத்திற் போர்வையின் கதை கம்பளியிலிருந்து தொடங்குகின்றது. கோப்பிக் காலத்திலிருந்தே தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளருக்குத் தோட்டத்திற் கிடைத்த முதற்பொருள்களுட் கம்பளியும் ஒன்று. அது நன்கொடையன்று. அரிசியைப் போலவே அதன் விலையும் அவர்களின் பெயரிற் பற்றெழுதப்பட்டது. ஆக, மலைக் குளிருக்கு முதன்முதலாகப் போர்த்துக்கொண்டதே கடனாக அமைந்தது. பெயருக்கு எதிரே எழுதிய கடனோடு தொழிலாளரைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டு முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. துண்டு என்ற சொல் துணிக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை என்பதை இங்கு நினைவுகூரலாம். கம்பளியும் முற்காலத்தில் ஆட்டுமயிரைக் கையால் நூற்றுக் கைத்தறியில் நெய்ததேயாகும். தக்காணத்து ஆட்டிடையரின் கைநெசவுக் கம்பளி இன்று நகரத்துக் கைவினைக் கடைகளில் மதிப்போடு விற்கப்படுகின்றது. தோட்டக் கணக்கிலோ அது முரட்டுக் கம்பளி மட்டுமே. மழையில் அதைத் தலைமேல் மடித்து முதுகுவரை தொங்கவிட்ட கொங்காணியும், இடையிற் சுற்றிய படங்கும் மலையகப் பெண்களின் உடையிற் பகுதிகளாயின. சாக்கும் பின்னர் பொலித்தீனும் கம்பளியின் இடத்தைப் பிடித்தன.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1800 மீற்றருக்கு மேல் உள்ளது. ஆண்டின் முதல் மாதங்களில் அங்கு சில விடியற்காலைகளிற் புல்லின்மீது துகள் உறைபனி படியும். சுற்றுலாப் பயணிக்கு அது காட்சி. தகரக் கூரையின் கீழ், சிமெந்துத் தரையில், ஒரே காம்பராவில் உறங்கும் குடும்பத்துக்கு அது வேறு. லயத்து வாழ்விற் பழஞ்சேலை எறியப்படுவதில்லை. அது பிள்ளைக்குத் தொட்டிலாகும், பாயின்மேல் விரிப்பாகும், இரண்டு மூன்றாக மடித்து ஓரந்தைத்துப் போர்வையாகும், இறுதியில் அடுப்படித் துணியாகும். இவ்வாறு தைத்தவற்றிற்குத் தனிப்பெயர் வழங்குவதில்லை, கண்காட்சியும் இல்லை. ஆனால் எந்தச் சேலை எந்தத் தீபாவளிக்கு எடுத்தது, எது இறந்த தாயினுடையது என்பது அக்குடும்பத்தார் அறிவர். மிசூரி பெட்வேயின் போர்வையை அருங்காட்சியகத்தில் வியந்து நிற்போர் இதனையும் அதே வகைக்குரியதெனக் கண்டுகொள்வார்களா என்பது ஐயமே. முன்னதைச் சுவரிலே தொங்கவிட்டுக் காட்டினர். பின்னது மடித்து மூலையில் வைக்கப்பட்டுள்ளது.

பெயர் என்பது இங்கு முக்கியமாகின்றது. கைவேலைப் பொருளை வாங்குவோர் அதிற் செய்தவரின் பெயரைத் தேடுகின்றனர்; கடைக்காரரும் சிறு அட்டையிற் பெயரை எழுதித் தொங்கவிடுகின்றார். தோட்டத்திற் ‘பேர்’ என்றால் ஒருநாட் கூலி. நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். பல தோட்டங்களில் இந்நிறை 18 கிலோ அளவினது. ஒரு மனிதப் பெயர் பாதியாகப் பிளக்கப்படக் கூடியது என்பதை வேறெந்தத் தொழிற்களத்தின் வழக்கும் இத்துணை வெளிப்படையாகச் சொல்வதில்லை. பெயர் அங்கு ஆளைக் குறிப்பதை விட்டு நிறையைக் குறிக்கின்றது.

இலங்கைத் தேயிலையே உலகிற் பெருமளவில் விற்கப்படும் கைவேலைப் பொருள்களுள் ஒன்றெனக் கூறின் மிகையாகாது. இரண்டு இலையும் ஓர் அரும்புமாகக் கையாற் கொய்தது என்பதே அதன் விற்பனைப் பெருமை. கத்தரியாலும் பொறியாலும் பறித்த கொழுந்தினின்றும் அதனை வேறுபடுத்தி உயர்த்துவது பெண்ணின் விரல். பெட்டியின்மீது கூடை சுமந்த பெண்ணின் படமும் தோட்டத்தின் பெயரும் உள்ளன. அவ்விரல்களின் நாட்கூலி 1000 ரூபாவாக உயர 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2024இல் அடிப்படைக்கூலி 1350 ரூபாவாயிற்று. கைவேலைக்குக் கூடிய விலை கொடுக்க மனிதர் ஆயத்தமாயிருப்பதனாலேயே அவ்விலை கைக்குச் சென்றடையும் என்று நம்புவதற்கு இடமில்லை. போர்வையிலும் இது பொருந்தும். வாங்குபவர் விரும்புவது கையின் சுவடு. அச்சுவட்டை யார் எடுத்துச் சென்று விற்கின்றார் என்பதிலேயே பெறுமதி பிரிந்துசெல்கின்றது.

தோட்டப் பெண்களுக்குத் தையற்பயிற்சி அளித்துக் கைவினைப் பொருள் செய்வித்துச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் முயற்சிகள் நல்லெண்ணத்துடனேயே மேற்கொள்ளப்படுகின்றன. தோட்டத்துக்கு வெளியே சிறிது வருமானம் பெறுதல் எளிய விடயமன்று. அதைக் குறைத்துப் பேசுவது வயிறு நிறைந்தோரின் விமர்சனமாகும். ஆயினும் இத்தகைய பொருள்களோடு வழங்கப்படும் விவரணங்களை ஒருகணம் நோக்குதல் தகும். லயத்தின் வறுமை, குளிர், அட்டைக்கடி, இளமையில் நின்றுபோன படிப்பு ஆகியவை அவற்றிற் கூறப்படும். நிறப்பொருத்தம் பற்றி ஒரு சொல் இராது. தையலின் சீரையோ சீரின்மையையோ எவரும் குறிப்பிடுவதில்லை. வாங்குபவர் போர்வையை அல்ல, துயரத்தை வாங்கிச் செல்கின்றார்; துயரத்துக்குத் தரம் பார்ப்பது நாகரிகமாகாதெனக் கருதிப் பொருளைப் பார்ப்பதையே விட்டுவிடுகின்றார். இரக்கத்தினால் வாங்கியவர் இரண்டாவது முறை வருவதும் அரிது. ஒருமுறை இரங்கியாயிற்று.

தமிழ்த் திறனாய்வுக்கு இது புதிய நோயன்று. மலையக இலக்கியத்தை எதிர்கொண்ட முறையிலும் இதனையே காணலாம். சி. வி. வேலுப்பிள்ளை, தெளிவத்தை ஜோசப், என். எஸ். எம். இராமையா ஆகியோரின் ஆக்கங்கள் பெரும்பாலும் துயரத்தின் சாட்சியங்களாகவே படிக்கப்பட்டன. அவற்றின் மொழிக் கட்டுப்பாடு, சொல்லாது விடும் திறன், வடிவம் ஆகியவை பற்றிய ஆராய்ச்சி பின்தங்கியே வந்தது. ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்ற தலைப்பில் இராமையாவின் தொகுதி 1980இல் வெளிவந்தது. அதன் தலைப்புக் கதை கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் கைத்திறனையும், அத்திறன் ஐயுறப்படுவதையும் மையமாகக் கொண்டது. அவள் வேண்டுவது எவருடைய இரக்கத்தையும் அல்ல. கூடையின் நிறை தன் கையின் நிறை என்பதை ஏற்கும்படியே அவள் வற்புறுத்துகின்றாள். அக்கதையை வறுமைச் சித்திரமாக மட்டும் வாசிப்பவர் அப்பெண்ணை ஐயுற்றவரின் பக்கத்திலேயே தம்மை அறியாது நின்றுவிடுகின்றார்.

போர்வையை மதித்தலும் இவ்வாறே. மதித்தல் என்பது விலை கொடுத்தலுக்கு முன்னர்ப் பார்த்தல். இரு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் மூன்றாவதொரு துண்டு ஏன் வைக்கப்பட்டது, ஓரத்திற் கோடு வளைந்தது துணிப் பஞ்சத்தினாலா விருப்பத்தினாலா, சேலையின் கரையை நடுவில் வைத்தவர் எதை எண்ணினார் என்ற வினாக்கள் எழும்போதே அப்பொருளுக்குப் பின்னால் ஒரு கருத்து இருந்ததென்பது ஒப்புக்கொள்ளப்படுகின்றது. இவ்வினாக்களுக்கு விடையாக ‘இது நன்றாக அமையவில்லை’ என்ற தீர்ப்பும் வரலாம். அத்தீர்ப்பு இரக்கத்தை விட மரியாதை மிக்கது. நன்றாக அமையவில்லை எனக் கேட்ட ஒருவர் அடுத்ததை வேறு விதமாக அமைக்கலாம். இரங்கப்பட்டவருக்கு அத்தகைய வழி எதுவும் இல்லை.

வெப்லென் கண்ட பகட்டும் இதில் ஒரு பகுதியாகத் தொடர்ந்து இருக்கும். பணம் படைத்தோர் தம் மாடங்களிற் கந்தையைத் தொங்கவிடுவதை எவராலும் தடுக்கவியலாது. ஆனால் தைப்பவர் தாமே விலை கூறவும், வடிவத்தைத் தாமே தீர்மானிக்கவும், விற்க விரும்பாததை விற்க மறுக்கவும் இயன்ற இடத்தில் அப்பகட்டு அவருக்குத் தீங்கு செய்வதில்லை. இம்மூன்றனுள் இறுதியானதே தோட்ட வாழ்வில் மிக அரிதானது. கொழுந்தைக் கொடுக்க மறுக்கும் உரிமை அங்கு எவருக்கும் இருந்ததில்லை. தாயின் சேலையைத் தைத்த போர்வைக்குப் பயணி எவ்வளவு கொடுக்க முன்வந்தாலும், அதை மடித்து மீண்டும் காம்பராவின் மூலையில் வைத்துவிட்டு, வேறொன்றைத் தைத்துத் தருவதாகச் சொல்லும் பெண் அதன் பெறுமதியை வாங்க வந்தவரை விட நன்கறிந்தவள்.